யார் வீட்டுப் பூனை?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் இறங்கிக் கிழக்கே போனால் கொஞ்ச தூரத்தில் இரும்பை வந்துவிடும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இருக்கும் ஊர். பக்கத்திலேயே ஆரோவில் என்பதால் வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டவரும் மாதக்கணக்கில் வந்து தங்கிப் போகும் ஊரும்கூட. அப்படி வந்து தங்கியிருக்கும் ஒருவர் வாசலில் சாயங்காலம் ஒரு பூனை வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாலைத் தூக்கிக்கொண்டு வருகிறது, காலில் உரசுகிறது, தொட்டால் ஓடவில்லை. விலா எலும்பு தெரிகிறது. கழுத்தில் பட்டை எதுவும் இல்லை. அவர் என்ன செய்ய வேண்டும்?

ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கூடையில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோய் வளர்க்கலாம். கண்டும் காணாமல் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மூன்றையுமே நல்லவர்கள் செய்கிறார்கள். மூன்றிலும் தவறு நேர இடம் இருக்கிறது. கேள்வி அந்தப் பூனையைப் பற்றியது மட்டுமாக இருந்தால் விடை சுலபம். அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வீடோ, ஒரு கிழவியோ, நாலு குட்டிகளோ இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

முதலில், ஒட்டி உறவாடும் குணம் எதைக் காட்டுகிறது? பூனைக்குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையிலான காலத்தில் மனிதக் கை பட்டு வளர்ந்தால்தான் பிற்காலத்தில் மனிதரிடம் எளிதில் ஒட்டும். அந்த நாட்களில் மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டி, எவ்வளவு மீன் போட்டாலும் பத்தடி தள்ளி நின்றுதான் தின்னும். ஆக, காலில் உரசும் பூனை ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்றைக்கோ அதைத் தூக்கிக் கொஞ்சிய ஒரு மனிதர் இருந்திருக்கிறார். அவர் இன்னும் அதற்குச் சோறு வைக்கிறாரா, வீடு மாறிப் போய்விட்டாரா, வேண்டாம் என்று கொண்டுவந்து விட்டாரா என்பதைப் பூனையின் முகம் சொல்லாது. அதை மனிதரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டணத்தில் பூனையை வளர்ப்புப் பூனை, தெருப்பூனை என்று இரண்டாகப் பிரித்துப் பழகிவிட்டோம். கிராமத்தில் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. அங்கே யாரும் பூனையைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. நெல் மூட்டையை எலி கடிக்காமல் இருக்க ஒரு குட்டி கேட்டு வாங்கி வருவார்கள். அல்லது பரணில் குட்டி போட்ட தாய், குட்டிகளில் ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கும். காலையில் ஒரு வீட்டில் பழைய சோறு, மத்தியானம் பக்கத்து வீட்டில் மீன் தலை, ராத்திரி வேறொருவர் திண்ணையில் தூக்கம். மூன்று வீட்டாரும் "எங்க பூனை" என்றுதான் சொல்வார்கள், மூன்று பேர் சொல்வதும் உண்மை. கழுத்தில் பட்டை கட்டும் வழக்கம் அங்கே இல்லை. பட்டை இல்லாததை வைத்து ஆள் இல்லாத பூனை என்று முடிவு கட்டினால், ஊரில் பாதிப் பூனைகளை அநாதை ஆக்கிவிடுவோம்.

மெலிவும் அப்படித்தான். கடையில் வாங்கிய தீவனம் தின்னும் பூனையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எலி பிடித்துத் திரியும் நாட்டுப் பூனை எப்போதும் பட்டினி கிடப்பதுபோலத் தெரியும். "இவர்கள் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை" என்ற முடிவுக்கு வருவது சுலபம். அந்த முடிவில் கருணை எவ்வளவு, வறுமையைப் பார்த்து வரும் அலட்சியம் எவ்வளவு என்று ஒருவர் தன்னையே கேட்டுப் பார்ப்பது நல்லது. வீட்டில் இருப்பதைப் பூனைக்கும் ஒரு வாய் வைக்கும் குடும்பம், தன்னிடம் இருப்பதில் பங்கு கொடுக்கிறது. வெளியூர்க்காரரின் வசதி அந்தப் பங்கைச் செல்லாததாக்கிவிடாது. சொறி பிடித்துக் கண் மூடிக் கிடக்கும் பூனை வேறு, ஒல்லியான பூனை வேறு.

தூக்கிக்கொண்டு போவதில் இருக்கும் பெரிய ஆபத்து இன்னொன்று. பலரும் நினைத்துப் பார்க்காதது. அளவுக்கு மீறிப் பசித்து, வெட்கத்தை விட்டு வாசலில் வந்து கத்தும் பெண் பூனை, பால் கொடுக்கும் தாயாக இருக்கலாம். குட்டிகள் எங்கோ வைக்கோல் போரிலோ, முந்திரித் தோப்பின் சருகுக் குவியலிலோ, பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பரணிலோ கிடக்கும். பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஏழோ இல்லையோ, அது இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிறந்து நாலு வாரம் ஆகாத குட்டிக்குத் தாய்ப்பால் ஒன்றுதான் ஆகாரம். நல்லெண்ணத்தோடு தாயைக் காரில் ஏற்றிப் போனவருக்குத் தான் நாலைந்து குட்டிகளைச் சாகவிட்டது கடைசிவரை தெரியவே தெரியாது. அதனால் தூக்குவதற்கு முன் வயிற்றைப் பார்க்க வேண்டும். காம்புகள் பெருத்து, சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தால், கொடுக்க வேண்டியது சாப்பாடும் தண்ணீரும் மட்டுமே. சாப்பிட்டு முடித்து அது எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்தில் நின்று பார்க்கலாம்.

சாப்பாடாவது குற்றமில்லாத உதவியா? இரும்பைக் கோயிலின் கதை இதற்குப் பொருந்தி வருகிறது. கடுவெளிச் சித்தர் இங்கே தவத்தில் அமர்ந்திருந்தார் என்றும், அவருடைய தவத்தின் வெப்பத்தால்தான் மழை பொய்த்தது என்று நினைத்த அரசன் வள்ளி என்ற ஆடல் பெண்ணை அனுப்பினான் என்றும் ஊரில் சொல்கிறார்கள். கண் திறக்காமல் கை நீட்டி, விழும் இலையை வாங்கி உண்பது சித்தரின் வழக்கம். அந்தக் கையில் வள்ளி அப்பளத்தை வைத்தாள். நாளாக ஆக ருசி பழகி, உடம்பு தேறி, அவர் கண் திறந்துவிட்டார். பிறகு ஆட்டத்தின் நடுவே வள்ளியின் சிலம்பு கழன்றதும், அவர் எடுத்துப் பூட்டியதும், கூட்டம் சிரித்ததும், அவர் சினத்தில் லிங்கம் மூன்றாகப் பிளந்ததும் கதையின் மற்றப் பாதி. செப்புப் பட்டை போட்டுச் சேர்த்த லிங்கத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். லிங்கம் பிளந்த இடத்தைத்தான் எல்லோரும் விரிவாகச் சொல்வார்கள். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அந்த அப்பளம். தினமும் ஒரு கையில் உணவை வைத்தால், அந்தக் கைக்கு உரியவரின் வாழ்க்கை மாறிவிடுகிறது.

லண்டனில் ஒரு வழக்கு இதையே வேறு விதமாகக் காட்டியது. ஹேமர்ஸ்மித் பகுதியில் ஆஸி என்ற பூனைக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வருடக்கணக்கில் சாப்பாடு வைத்தார். பூனை அங்கேயே தங்க ஆரம்பித்தது. அதன் கழுத்துப் பட்டையை மாற்றி, தன் தொலைபேசி எண் போட்ட பட்டையைக் கட்டினார். சொந்தக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2020 ஜனவரியில், விசாரணை தொடங்கும் தறுவாயில், இனி அந்தப் பூனைக்குச் சோறு வைப்பதில்லை, வீட்டுக்குள் விடுவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவர் அந்தப் பூனையை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. நேசித்தார், யாருடையது என்று தெரிந்தே நேசித்தார்.

இங்கிலாந்தில் 2024இல் வந்த செல்லப் பிராணிக் கடத்தல் சட்டம் இந்த நுணுக்கத்தை ஓரளவு பிடித்திருக்கிறது. அடுத்தவர் நாயைக் கொண்டுபோவதும் குற்றம், பிடித்து வைத்துக்கொள்வதும் குற்றம். பூனைக்கு வரும்போது கொண்டுபோவதை மட்டும் குற்றமாக்கி நிறுத்திக்கொண்டது. பூனை தானாகவே நாலு வீடு போகும், அதைப் பார்க்கும் எவரும் திருடராகிவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நம் கிராமத்துத் திண்ணைகள் எழுதாமலே வைத்திருந்த விதிக்குக் கிட்டத்தட்ட அந்தச் சட்டம் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் ஊரிலும் ஒரு பூனையின் பூர்வீகம் அரசு விவகாரம் ஆனது உண்டு. 2020இன் தொடக்கம், கொரோனா பயம் பரவிக்கொண்டிருந்த நேரம். சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பொம்மைக் கன்டெய்னர் ஒன்றில் ஒரு பூனை இருந்தது. சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். விலங்கு உரிமை அமைப்பான பீட்டா குறுக்கிட்டது. அவர்கள் கேட்டது எளிய கேள்வி: இத்தனை நாள் கடல் பயணத்தில் சோறும் தண்ணீரும் இல்லாமல் ஒரு பூனை உயிரோடு இருந்திருக்குமா? வழியில் ஏதாவது துறைமுகத்திலோ, சென்னையிலேயோகூட அது கன்டெய்னருக்குள் நுழைந்திருக்கலாமே? சீனப் பூனை என்று எல்லோரும் சொன்னது, பெட்டியில் ஒட்டியிருந்த முகவரியை வைத்து. சுமார் மூன்று மாதம் அடைபட்டுக் கிடந்த பிறகு அந்தப் பூனை விலங்கு நல ஆர்வலர்களின் பராமரிப்புக்குப் போனது. இரும்பையில் பட்டை இல்லாத கழுத்தைப் பார்த்து அநாதை என்று தீர்மானிப்பவரும் துறைமுகத்தில் பெட்டியைப் பார்த்து அந்நியன் என்று தீர்மானித்தவரும் செய்தது ஒரே வேலை. ஒருவர் அன்பினால் செய்தார், மற்றவர் அச்சத்தினால்.

அச்சத்தினாலும் எரிச்சலினாலும் செய்வது நம் மாவட்டங்களில் வேறு விதம். பூனையைக் கொன்றால் பாவம் என்று நம்புகிறோம். தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பாவத்துக்குப் பயந்து, கோணிப் பையில் போட்டு வாய் கட்டி, ஏரி தாண்டியோ அடுத்த ஊர்ச் சந்தையிலோ அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறார்கள். கையில் ரத்தம் படவில்லை என்பதோடு மனசு சமாதானமாகிவிடுகிறது. பழகாத இடத்தில் வேறு பூனைகளின் எல்லைக்குள் விடப்பட்ட அந்த உயிர் என்ன ஆனது என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவர் இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசி தாகத்தால் துன்பப்படக்கூடிய நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாய்வரை. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தொகை மாறாமல் நிற்பது வெட்கக்கேடு. இரும்பை வாசலில் காலை உரசிய பூனை இப்படிக் கோணியில் கட்டிக் கொண்டுவந்து விடப்பட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் கதவைச் சாத்திக்கொள்வதும் சரியான விடை ஆகாது.

ஆக, முதல் கடமை விசாரிப்பது. காணாமல்போன 1,210 பூனைகளைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே இருந்தன. அந்த வட்டத்தை நடந்தே முடித்துவிடலாம். டீக்கடையில் கேட்கலாம், பால் சொசைட்டியில் கேட்கலாம். எல்லோரையும்விட மீன் கொண்டுவரும் அம்மாவிடம் கேட்கலாம். தெருவில் எந்தக் குரலுக்கு எந்த வீட்டிலிருந்து எந்தப் பூனை ஓடி வரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் "இது உங்கள் பூனையா?" என்று எழுதி, எண்ணும் போட்டு, வளையமாக ஒட்டிக் கழுத்தில் தளர்வாக மாட்டிவிடலாம். எங்காவது மாட்டினால் கிழிந்துவிடும், பூனைக்கு ஆபத்தில்லை. காதின் நுனி நேராக வெட்டியிருந்தால், யாரோ பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அக்கம்பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

விசாரிப்பதற்குள் செத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வண்டியில் அடிபட்ட பூனைக்கும், கண் திறக்காத தனிக் குட்டிக்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே கொண்டுபோய்விட்டுப் பிறகு விசாரிக்கலாம். தண்ணீர் வைக்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பால்தான் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கும் மாட்டுப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். பூனை என்றதும் பால் என்று நினைப்பது நம் பழக்கமே ஒழிய அதன் தேவை இல்லை. உப்பு, காரம் போடாமல் வேகவைத்த மீனோ கோழியோ கொஞ்சம் போதும். தூக்கும்போது கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். வெறிநோய் பூனையாலும் வரும்.

விசாரித்ததில் ஒரு வீடு கிடைத்தது, அங்கே பூனைக்குச் சரியான கவனிப்பு இல்லை என்றால்? இந்த இடம்தான் மிகவும் கடினம். அடித்துக் காயப்படுத்தும் வீடாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. வெறுமனே ஏழை வீடாக இருந்தால், பூனையைப் பிரித்துக்கொண்டு போவதைவிட அந்த வீட்டோடு சேர்ந்து பார்த்துக்கொள்வதே சரி. பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் ஆகும் செலவை ஏற்கலாம். ஐந்தாறு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும் பூனைக்குக் கருத்தடை செய்ய வண்டி ஏற்பாடு செய்யலாம். அதையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். குட்டிக்காகச் சொல்லி வைத்துக் காத்திருக்கும் வீடு ஒன்று அதே தெருவில் இருக்கக்கூடும்.

இரண்டு மூன்று வாரம் கேட்டும் யாரும் வரவில்லை, பூனை இன்னும் அதே வாசலில் காத்திருக்கிறது என்றால் பொறுப்பு சோறு வைத்தவர் கைக்கு வந்துவிட்டது. அப்போது கூடையில் போட்டு எடுத்துப் போகலாம், தயங்க வேண்டியதில்லை. எடுத்துப் போக முடியாதவர், மார்ச் மாதத்தில் அறையைக் காலி செய்து ஊருக்குத் திரும்புபவராக இருந்தால், பெட்டி கட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே எதிர் வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசி வைக்க வேண்டும்: இந்த நேரத்துக்கு வரும், இந்தக் கிண்ணத்தில்தான் சாப்பிடும், இடது பின்னங்காலைத் தொட்டால் சீறும். ஊசி போட்ட சீட்டையும் கொடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் சாயங்காலம் பூட்டிய வாசலில் வந்து கத்தும்போது, எதிர்த் திண்ணையிலிருந்து அதைக் கூப்பிட ஒரு குரல் இருக்கும்.