யாருக்கு எழுதிய கடிதம்?

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் ரயில் ஏறிய பதினாறு வயதுப் பையனிடம் திண்டிவனத்துக்கு டிக்கெட் இருந்தது. பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்தான் என்று அவன் தீர்மானித்திருந்தான். அந்த அட்லஸ் அச்சான பிறகு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை வந்துவிட்டது. அது அட்லஸுக்குத் தெரியாது. உடன் பயணம் செய்த மௌல்வி ஒருவர் சொல்லித்தான் பையன் விழுப்புரத்தில் இறங்கினான். செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலை போய்ச் சேர்ந்தான். ரமண மகரிஷி என்று ஊர் அழைத்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து.

திண்டிவனத்தில் இறங்கியிருந்தால் செஞ்சி வழியாகத்தான் நடந்திருப்பார். செஞ்சிக் கோட்டை மலைகளான ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் பார்த்துக்கொண்டே போயிருப்பார். செஞ்சிக்குப் பக்கத்து அனந்தபுரத்துக்காரனான எனக்கு அதில் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் இந்தக் கதையை நான் அடிக்கடி நினைப்பது வேறு காரணத்துக்காக. அந்த அட்லஸ் பொய் சொல்லவில்லை. எழுதிய நாளுக்கு அது சரி. படித்தவனுடைய நாளுக்குத்தான் ஒத்துவரவில்லை.

எங்கள் பக்கத்தில் யோகியர் நூல் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேற்கே ரமணாசிரமம், கிழக்கே பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமம். பௌர்ணமிக்குக் கிரிவலம் போனவர் ஒரு நூலோடு திரும்புவார். ஜிப்மருக்கு வைத்தியத்துக்குப் போனவர் இன்னொரு நூலோடு திரும்புவார். எனக்கு அப்படி வாய்த்தவை அரவிந்தர் யோகம் பற்றிச் சீடர்களுக்கு எழுதிய கடிதங்கள், தமிழில். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கொல்லையில் இரண்டு பட்டம் மணிலா கைவிட்டிருந்தது. அண்ணனோடு பாகத் தகராறு, பேச்சு நின்று எட்டு மாதம். உறவுகளின் பிடி தளர்வதைப் பற்றிய ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த மாதம் பெரியம்மா இறந்தார். கருமாதிக்கு நான் போகவில்லை.

அண்ணன் அங்கே இருப்பான் என்பதுதான் காரணம். புத்தகம் அந்தக் காரணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டது. அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்தே காட்டினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, “ஆசிரமத்துல இருக்கறவனுக்கு எழுதுனதப் படிச்சிட்டு நீ ஏன்டா கருமாதிக்கு வரல?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கடிதங்கள் யாருக்கு, எதற்காக எழுதப்பட்டவை என்று நான் விசாரிக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

அரவிந்தர் புதுவைக்கு வந்தது 1910 ஏப்ரல் 4. ‘ஆர்யா’ என்ற மாத இதழை 1914இலிருந்து 1921 வரை நடத்தி, தம் பெரிய நூல்களை அதில் தொடராக எழுதினார். 1926 நவம்பர் 24க்குப் பிறகு தனியறைக்குள் ஒதுங்கிவிட்டார். சீடர்கள் பேச வேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி அனுப்புவார்கள். அவர் இரவெல்லாம் உட்கார்ந்து பதில் எழுதுவார். 1930களில் இது வருடக்கணக்கில் நடந்தது. தூக்கம் வராதவர், சமையலறையில் சண்டை போட்டவர், கவிதை எழுத வராதவர், ஊருக்கே திரும்பிவிடலாமா என்று தவித்தவர், எல்லாருக்கும் பதில் உண்டு. எடின்பரோவில் மருத்துவம் படித்த சீடர் நிரோத்பரன் எதையும் லேசில் ஏற்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்கு எழுதிய பதில்களில் கேலியும் சிரிப்பும் ததும்பும். கேள்வியையும் பதிலையும் சேர்த்து அச்சிட்ட அந்த நூலைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அரவிந்தர் ஆளுக்குத் தக்க பேசுகிறார். ஒருவரை அதட்டுகிறார், இன்னொருவரைத் தட்டிக்கொடுக்கிறார்.

பிற்காலத் தொகுப்புகளில் கடிதங்களைப் பொருள்வாரியாக அடுக்கினார்கள். பெறுநர் பெயர் போயிற்று. பெரும்பாலான இடங்களில் கேள்வியும் போயிற்று. தேடி எடுக்க அது வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பெயர் தெரியாத ஒருவருக்குச் சொன்னது எனக்கே சொன்னது போல ஆகிவிட்டது. இத்தனைக்கும், ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் அப்படியே தமக்கென்று எடுத்துக்கொள்வது எப்போதும் பத்திரமானதல்ல என்று அரவிந்தரே எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையும் ஒரு கடிதத்தில்தான் இருக்கிறது.

விவசாயம் பார்க்கிறவனுக்கு இது புரியாத விஷயமல்ல. பக்கத்துக் கொல்லைக்காரர் வாங்கிவந்த மண்வள அட்டையைப் பார்த்து யாராவது தன் கொல்லைக்கு உரம் போடுவார்களா? ஜிப்சம் இவ்வளவு என்று அதில் எழுதியிருப்பது அந்த மண்ணுக்கு. மண் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருந்த நான் மனசு விஷயத்தில் ஏமாந்தேன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள். அங்கே ஒரு பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. கல், அவர் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறது. கடிதம் அப்படி இல்லை. ‘நீ’ என்று தொடங்குகிறது. படிக்கிறவன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறான். இப்போது அந்தக் கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரியை வெட்டி, சூரியோதயப் படத்தில் ஒட்டி, காலை வணக்கத்தோடு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். எனக்கும் தினம் நாலைந்து வருகிறது. அனுப்புகிறவருக்கு அந்த வரி தேவைப்பட்டதா, எனக்குத் தேவை என்று நினைத்து அனுப்புகிறாரா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

ரமணரும் வலிந்து உட்கார்ந்து நூல் எழுதியவரல்ல. ‘நான் யார்?’ என்ற நூல் பிறந்த விதமே அதற்குச் சாட்சி. அன்று திருவண்ணாமலையும் செஞ்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தக் கலெக்டர் ஆபீஸில் ரெவின்யூ வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை 1902இல் அலுவல் விஷயமாகத் திருவண்ணாமலை வந்தார். தத்துவம் படித்தவர். விரூபாட்சக் குகையில் இருந்த இளைஞரைத் தேடிப்போய்க் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். அவைதான் பின்னால் நூலாயின. அதே நூலைப் பிற்காலத்தில் ரமணர் கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரை வடிவிலும் அமைத்தார். கேள்வி பதில் வடிவில் படிக்கும்போது பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கலாம். கட்டுரையைப் படிக்கும்போது மறைய இடமில்லை. கேள்வியை நாமே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரமணரோடு கூடவே இருந்து தொண்டு செய்த பழனிசாமி மலையாளி. ஊருக்குள்ளிருந்து தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கிவந்து, தமிழ் சரளமாக வராததால் தட்டுத்தடுமாறிப் படிப்பார். அவர் படும் பாட்டைப் பார்த்த ரமணர் தாமே அவற்றைப் படித்து அவருக்குப் பொருள் சொன்னார். தமக்கு மதுரையிலேயே நேர்ந்துவிட்ட அனுபவத்துக்கு நூல்களில் இன்ன பெயர் இருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டது அப்படித்தான். சொந்தத் தேவைக்கு அவருக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் ஒருவன் கஷ்டப்படுகிறான், அதனால் படித்தார். நானோ பக்கத்திலிருந்தவர்களிடமிருந்து தப்பிக்கப் படித்தேன்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலியும் நூல் ஓதுதலைத் தனியாக விடவில்லை. தவத்தையும் ஈசுவரனிடம் ஒப்படைத்தலையும் இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில்தான் அதை வைத்தார். எங்கள் ஊர்ப் படிப்பில், என்னுடையதையும் சேர்த்துச் சொல்கிறேன், நடுவில் இருப்பது மட்டும்தான் இருக்கிறது.

இப்போதும் அரவிந்தர் கடிதங்களைப் படிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. படித்து முடித்ததும், இதைக் கேட்டவர் என்ன கேட்டிருப்பார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதுவேன். அது என் கேள்வியாகவும் இருந்தால் மறுபடி படிப்பேன். இல்லையென்றால் யாரோ ஒருவருடைய கடிதம் என்று மரியாதையாக மூடிவிடுவேன். இப்படி மூடிய பக்கங்கள்தான் அதிகம். உறவின் பிடி பற்றிய அந்தக் கடிதத்தின் ஓரத்தில் இதுவரை எதுவும் எழுதவில்லை. பெரியம்மாவின் தலைத்திவசத்துக்குப் போனேன். அண்ணன் இலை போட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று போட்டான்.

சிவப்பிரகாசம் பிள்ளை கேள்வி கேட்டது 1902இல். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய அந்தச் சிறு நூலை அவர் அச்சில் கொண்டுவந்தது 1923இல்.