தண்ணீர் கொடுத்தவர்கள்

மலேசியாவின் மெர்சிங் ஜெட்டியிலிருந்து தீவுகளுக்குப் பெர்ரி எப்போது கிளம்பும் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் ஆழம் குறைவு. நீர் வற்றிய வேளையில் படகு தரை தட்டும். அதனால் புறப்பாட்டு நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால், பிப்ரவரி வரை சுற்றுலா ஏறக்குறைய நின்றுவிடும். வெளியூர்க்காரர்களின் கணக்கில் அந்த மாதங்களில் தீவுகள் இல்லை. ஆனால் தியோமானின் தெக்கேக், ஜுவாரா, முக்குட் கிராமங்களில் அப்போதும் அடுப்பு எரிகிறது. ஆவுர், பெமாங்கில் தீவுகளிலும் மக்கள் இருக்கிறார்கள். அரிசியும் எரிவாயுவும் வந்து சேர அலை தணியக் காத்திருக்கிறார்கள்.

இந்தத் தீவுகள் உலகத்துக்குப் புதியவை அல்ல. கி.பி. 851ஐச் சேர்ந்த அரபுப் பயணக் குறிப்பு ஒன்று, சீனத்துக்குப் போகும் வழியில் நன்னீர் கிடைக்கும் இடமாகத் ‘தியூமா’வைச் சொல்கிறது. அது தியோமான்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. சீனக் கடலோடி செங் ஹோவின் கடற்பயணங்களோடு தொடர்புடைய சீன வரைபடத்தில் இப்பகுதித் தீவுகள் அடையாளக் குறிகளாக நிற்கின்றன. 1015இல் முதலாம் இராசராசனின் தூதுக்குழு சீன அரசவையை அடைந்தது. சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியதற்கு 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்று. மலாக்கா நீரிணையிலிருந்து அங்கே போன நம் கப்பல்களுக்கும் வழி இந்தக் கடல்தான். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த தியோமானின் காஜாங் மலை மாலுமிக்குத் திசை காட்டியது. அதன் ஓடைகள் தாகம் தீர்த்தன.

தண்ணீர் எடுத்தவர்கள் எழுதிவைத்தார்கள். கொடுத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

1868இல் ஆங்கிலேய ஆளுநர் ஹாரி ஆர்ட், எண்டாவ் ஆற்றை ஜொகூருக்கும் பகாங்குக்கும் எல்லை என்று தீர்ப்பளித்தார். இன்று தியோமான் பகாங்கின் ஆளுகையில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஜொகூரின் மெர்சிங் வழியாகத்தான் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். எல்லைக்கோடு ஒரு பக்கம், வாழ்க்கை போகும் வழி இன்னொரு பக்கம்.

தீவு மக்கள் ஏடு எழுதவில்லையே தவிர, தங்கள் வரலாற்றைச் சொல்லாமல் விடவில்லை. சிங்கப்பூரில் இருந்த இளவரசனைக் காணப் பறந்து போன நாக இளவரசி, இளைப்பாற இந்தக் கடலில் இறங்கினாளாம். தெளிந்த நீரைப் பார்த்ததும் பயணத்தைக் கைவிட்டாளாம். வழிப்போக்கருக்கெல்லாம் நிழல் தருவேன் என்று தீவாகவே மாறிவிட்டாளாம். தியோமானின் பிறப்பை அவர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள். இதைவிடத் துல்லியமான வரலாற்றை நான் படித்ததில்லை. கடந்து போக வந்தவள் தங்கினாள்; தங்கியதால் அது ஓர் ஊராயிற்று.

கரைக்கு வந்தாலும், தங்கியவர்களை ஏடுகள் விட்டுவிட்ட இதே கதைதான். 1942 ஜனவரி 26ஆம் தேதி இரவு, மெர்சிங்குக்கும் ஜெமாலுவாங்குக்கும் இடையில் நித்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கியது. படைப்பிரிவின் எண்ணைப் போர் நூல்கள் சொல்கின்றன. விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, உளியோடு நிரைக்குள் இறங்கி, மங்கில் பால் சேர்த்தவர்களைப் பற்றி அந்நூல்களுக்கு அக்கறை இல்லை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பங்கினர் தமிழர். அதே போர்க்காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். செத்தவர்களுக்கு முழுமையான பட்டியல்கூட இல்லை.

உலகின் மறுகோடியில், கரீபியக் கடலின் குவாதலூப் தீவிலும் நம்மவர்கள் தங்கினார்கள். 1848இல் பிரான்சு அடிமைமுறையை ஒழித்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் தொகுதியினரை இறக்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில், புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும் பிற துறைகளிலிருந்தும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே போனார்கள். பேச்சுமொழி பேரப்பிள்ளைகளிடம் தேய்ந்தது. மாரியம்மன் வழிபாடு நின்று நிலைத்தது. அவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, அங்கேயே பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் வழக்காடத் தொடங்கினார். 1923இல் அந்த உரிமை கிடைத்தது. கப்பலின் பெயரோடு முடிந்திருக்க வேண்டிய வரலாற்றில், அவர் தங்கியவர்களின் பெயரைச் சேர்த்தார்.

தமிழர் பெருமை பேசும்போது நாம் கடல் கடந்த படையெடுப்புகளில்தான் மனம் நிறைகிறோம். கடாரம் கொண்டதைச் சொல்லும் வாய், காடு திருத்தி லயத்தில் பிள்ளை பெற்று அங்கேயே மண்ணான பாட்டியைச் சொல்லத் தயங்குகிறது. கொண்டவன் திரும்பிப் போய்விட்டான். அவள்தான் இருந்தாள். கோயிலுக்குக் கல் சுமந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பியதும் அவள்தான்.

ஓர் இடத்தை அறிவது கடந்து போகிறவனுக்கு எளிது. அதன் பெயரையும் நீர்த்துறையையும் குறித்துக்கொண்டால் போதும். அதைத் தாங்குவது தங்கியவனின் வேலை. பருவக்காற்றிலும் போரிலும் பசியிலும் விட்டுப்போகாமல் இருந்தவர்களால்தான் தீவும் தோட்டமும் ஊர் என்ற பெயரைப் பெறுகின்றன. ஆண்டவர்களின் கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது. இருந்தவர்களின் வரலாறு இன்னும் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரோடு எழுதிவைப்பது நம் கடன். தங்கியவர்களே மண்ணுக்கு உரியவர்கள். அவர்களை எழுதும் நாளில்தான் நம் வரலாறு முழுமை பெறும்.