அனுப்பாத கடிதம்

1863 ஜூலை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையில் வென்ற தளபதி மீட், பின்வாங்கிய எதிரிப்படையைத் தப்பவிட்டார். ஆத்திரமடைந்த ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவருக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதினார். ஆனால் கையெழுத்திடவில்லை, அனுப்பவும் இல்லை. உறையின் மேல் அப்படியே குறித்தும் வைத்தார். மீட் உள்நாட்டுப் போர் முடியும்வரை தன் படைக்குத் தலைமை தாங்கினார்.

உங்கள் குழுவில் ஒருவர் சொதப்பிவிட்டாரா? மனதில் உள்ளதையெல்லாம் எழுதித் தீர்த்துவிடுங்கள். மின்னஞ்சலில் பெறுநர் முகவரியை மட்டும் நிரப்பாதீர்கள். மறுநாள் காலை எடுத்துப் படித்து, வசவுகளை வெட்டுங்கள். எங்கே தவறியது, இனி என்ன செய்வது என்ற இரண்டு வரிதான் மிஞ்சும். அவரைத் தனியே அழைத்து அதை மட்டும் சொல்லுங்கள். கோபத்தை ஆற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவருக்குத் தேவை திருத்தம்தான்.