தாய்மை — உரிமையா, கடமையா?

மலடி! மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்து முறித்துப் போட்ட வாழ்வுகளோ எண்ணிலடங்கா. மணமாகி ஈராண்டு கடந்தால் போதும், மாமியார் முணுமுணுப்பார். அண்டை வீட்டார் அனுதாபம் என்ற பெயரால் அம்பு எய்வர். வளைகாப்புக்கு அழைக்கவும் தயங்குவர். மலடன் என்ற சொல்லும் தமிழில் உண்டு. அகராதியில் உறங்கும் அச்சொல்லை எழுப்பியவர் எத்தனை பேர்?

காரணம் கேட்டால் முற்பிறவிப் பாவம் என்பர், நாகதோஷம் என்பர். அரசமரத்தைச் சுற்று, தொட்டில் கட்டு என்பர். மருத்துவம் சொல்வதோ வேறு.

1935-ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களின் நிலையை ஆராய்ந்து எழுதினர். மாதவிலக்குத் தவறிய பெண்கள். சினைப்பை பருத்த பெண்கள். அதில் ஒரு பகுதியை அறுத்து நீக்கியதும் எழுவருக்கும் விலக்கு மீண்டது, இருவர் கருவுற்றனர். அதையே இன்று சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு என்கிறோம். கட்டி என்று அஞ்சுகிறோமே, அவை முதிராமல் நின்றுவிட்ட முட்டைப் பைகள்தாம். மகப்பேற்று வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இக்கோளாறு உண்டென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனை கோடிப் பெண்களும் முற்பிறவியில் கூடிப் பேசியா பாவம் செய்தனர்?

வழியும் உண்டு. உணவிலும் உழைப்பிலும் ஒழுங்கு; முட்டையை முதிரச் செய்யும் மாத்திரை; பயன் தராவிடில் ஊசிமருந்து அல்லது நுண்துளை அறுவை; இறுதியில் சோதனைக்குழாய் முறை. 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் 750 பெண்கள் பங்கு கொண்டனர். குளோமிஃபீன் உண்டவர்களில் நூற்றுக்கு 19 பேரும், லெட்ரோசோல் உண்டவர்களில் 27 பேரும் குழந்தை பெற்றனர். மருந்து தொடங்குமுன் கணவனையும் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவ நெறி. எத்தனை கணவர்கள் தாமாக முன்வருகின்றனர்?

"மருந்துதான் வந்துவிட்டதே, இனி அவள் பெற்றே தீரவேண்டும்" என்பாரும் உளர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அரசமரம் போய் மருத்துவமனை வந்தது. சுற்றுபவள் மட்டும் மாறவில்லை! ஊசி ஏறுவது அவள் உடலில். ஏமாற்றம் இறங்குவது அவள் உள்ளத்தில்.

குழந்தை வேண்டும் என அவளே விரும்பினால்? விரும்பட்டும், அது அவள் உரிமை. ஆனால் அது விருப்பமா, அச்சமா என அறிவது எப்படி? "வேண்டாம்" என்றால் அவள் எதை இழப்பாள் என்று கேளுங்கள். கணவனை, மதிப்பை, வீட்டை இழப்பாளெனில், அவள் சொல்லும் "வேண்டும்" வாயிலிருந்து வருவதே தவிர மனத்திலிருந்து வருவதன்று. அதற்காக, சமுதாயம் திருந்தும்வரை மருந்தை மறுப்பதா? கூடாது. மருந்தும் இன்றே வேண்டும். மாற்றமும் இன்றே வேண்டும்.

இன்னொன்று. இக்கோளாறு நீரிழிவுக்கும் வழி வகுக்கும். கருப்பையின் உட்சுவரையும் தாக்கும். பிள்ளையே வேண்டாதவளுக்கும் மருத்துவம் வேண்டும். "கல்யாணமானால் சரியாகும்" என்று கன்னிப் பெண்ணின் நோயை மூடிவைப்பது, அவளை மனிதராக எண்ணாது கருப்பையாக மட்டும் எண்ணுவதன்றோ?

இளைஞனே! உன் வீட்டில் ஒருத்தியைச் சுட்டி அந்த மூன்றெழுத்தை உச்சரிக்கும் நாள் வரலாம். அன்று தலை குனிந்து நிற்காதே. "முதலில் என்னைச் சோதியுங்கள்; பிறகு அவள் விரும்பினால் அவளை" என்று சொல். சீர்திருத்தம் மேடையில் பிறந்தாலும் வாழவேண்டிய இடம் வீடு!