கரை ஏறிய பிறகு

பயணம் கிளம்புவதற்கு நம்மிடம் எத்தனையோ முறைகள் இருக்கின்றன. நாள் பார்க்கிறோம், சூலம் பார்க்கிறோம், புளியோதரை கட்டுகிறோம், தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறோம், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி எதிர்வீட்டில் சாவியைக் கொடுக்கிறோம். திரும்பி வருவதற்கு அப்படி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. விடிகாலை ரயிலில் வந்து இறங்கி, குளித்து, ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார்ந்துவிடுகிறோம். போன ஆள் முழுசாக வந்து சேர்ந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. கப்பலில் ஒரு விடுமுறை கழித்துவிட்டு மதுரைக்கு வந்தபோது என் உடம்பு அதைக் கேட்டது.

மதுரைக்காரர்களுக்குக் கடல் பழக்கமில்லை. எங்கள் ஆறே கடலைப் பார்ப்பது அபூர்வம். வருஷநாட்டு மலையில் பிறக்கும் வைகை வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேர்க்கும். மழை மிஞ்சிய வருஷங்களில்தான் கடல்வரை போகும். எங்களுக்குத் தெரிந்த மிதவை, தை மாதம் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறிச் சுற்றுகிற தெப்பம்தான். அதையும் கரையில் நின்று வடம் பிடித்துத்தான் இழுப்போம். கப்பல் ஏறியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு, ஆனால் எல்லோரும் பிழைக்கப் போனவர்கள். 1926-இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய ரஜுலா கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். ஏறியவர்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அவர்கள் இடம். அப்படிப் போனவர்களின் பேத்திகள் நாங்கள். எந்த ஊருக்கும் போகாமல், கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின துறைமுகத்திலேயே இறங்குவதற்கு டிக்கெட் எடுப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியிராத காரியம்.

எனக்குப் பணி ஓய்வு கிடைத்ததைக் கொண்டாட, சென்னையில் இருக்கும் மகள் அந்த டிக்கெட்டை எடுத்துவிட்டாள். "எந்த ஊருக்குப் போறீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று என் வீட்டுக்காரர் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். கடைசியில் "கடலுக்கு" என்றே எல்லோரிடமும் சொன்னோம்.

சென்னையிலிருந்து இந்தச் சொகுசுக் கப்பல் பயணத்தை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கோர்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல். 1990-இல் பிரான்ஸில் கட்டிய கப்பல் அது; பதினொரு தளம், நீளம் சுமார் 211 மீட்டர். துறைமுகத்தில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தெப்பக்குளம்தான் நினைவுக்கு வந்தது. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய அந்தக் குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். இந்தக் கப்பலைக் கொண்டுவந்து போட்டால் மைய மண்டபத்தைச் சுற்ற இடமிருக்காது. நடுக்கடலுக்குப் போனபின் இதே கப்பல் எவ்வளவு சிறிசாகிப் போனது என்பது வேறு விஷயம்.

கப்பலுக்குள் இருக்கும் கேளிக்கைகளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நாடகம், பாட்டு, எந்நேரமும் சாப்பாடு, பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் எல்லாம் உண்டு. மதுரையில் ஒரு பெரிய மண்டபத்துக் கல்யாணத்துக்குப் போனால் இதில் பாதி கிடைத்துவிடும். கிடைக்காதது மேல்தளத்துக் கம்பி ஓரம். கரை விளக்குகள் ஒவ்வொன்றாக அமுங்கி, போனில் சிக்னல் போய், கம்பியில் உப்பு பிசுபிசுக்க ஆரம்பித்த பிறகு அங்கே நின்றால், பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததை நான் மணிக்கணக்காகப் பார்த்தேன்.

முதலில் அது பயமாகத்தான் இருந்தது. சமவெளியில் பிறந்தவர்கள் நாங்கள் என்றாலும், எங்கள் கண்ணுக்கு எப்போதும் ஒரு மலை அகப்படும். ஒத்தக்கடைப் பக்கம் படுத்திருக்கும் யானைமலை, மேற்கே நீளமாகக் கிடக்கும் நாகமலை, வடக்கே அழகர்மலை, தெற்கே திருப்பரங்குன்றம். எந்தச் சந்தில் வழி தப்பினாலும் மொட்டை மாடியில் ஏறி நாலு பக்கமும் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். கடலில் என் கண் தன்னையறியாமல் மலையைத் தேடியது. சுற்றிலும் ஒரே வட்டம், அதன் நடுவில் எப்போதும் நாம். இரவில் எங்கோ ஒரு மீன்பிடிப் படகின் விளக்கு தெரிந்தால், சொந்தக்காரரைக் கண்ட மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்புக்குப் பயம் சீக்கிரம் தெளிந்துவிட்டது. முதல் நாள் மாலை காற்று கொஞ்சம் கூடி, நீச்சல் குளத்துத் தண்ணீர் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் போய் மோதியது. அலமாரிக்குள் சட்டை மாட்டும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. படிக்கட்டுக் கைப்பிடிகளில் வாந்தி எடுப்பதற்கான காகிதப் பைகளைச் செருகி வைத்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மறுநாள் காலையில் காபியை ஏந்திக்கொண்டு நடைவழியில் வந்தபோதுதான் கவனித்தேன், என் கால்கள் என்னைக் கேட்காமலேயே சற்று அகட்டி வைத்து நடக்கின்றன. தளம் சாய்வதற்கு முன்னாலேயே முழங்கால் மடங்கிக் கொடுக்கிறது. காபி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், நானும் முயற்சி பண்ணாமல், ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டது அது.

எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் தூத்துக்குடிப் பக்கம். தமிழில் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஐந்து நிமிஷம் கூட நின்றான். மாதக்கணக்காகக் கப்பலிலேயே இருந்துவிட்டு ஊருக்குப் போனால் எப்படியிருக்கும் என்று கேட்டேன். "போன புதுசுல தூக்கமே வராதும்மா. இந்த மெஷின் சத்தம் இல்லாம காது என்னமோ மாதிரி இருக்கும். எங்கம்மா ஃபேனைப் பெருசா வச்சு விடுவாங்க. அப்பறம் ஒரு வாரத்துக்கு என்னை ஒண்ணுமே கேக்க மாட்டாங்க." அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவர்கள் செய்வதன் அருமை எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

சென்னையில் இறங்கி எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தோம். ரயிலில் ஒரு தொந்தரவும் இல்லை. நன்றாகத் தூங்கினேன். விடிகாலை வீட்டுக்கு வந்து, குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடினேன். தரை மெதுவாக ஒரு பக்கம் இறங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபக்கம் ஏறியது. கண்ணைத் திறந்தால் வாளியில் தண்ணீர் அசையாமல் இருக்கிறது. அடுப்படியில் நின்று தோசை வார்க்கும்போதும், வரிசையில் நிற்கும்போதும், படுத்து விளக்கை அணைத்த பிறகும் அதே ஆட்டம். தெருவில் நடக்கும்போது மட்டும் இல்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனால் சுத்தமாக இல்லை.

காது மருத்துவரான ஒரு பழைய மாணவியிடம் போனில் கேட்டேன். "பயப்படாதீங்க டீச்சர், அது கப்பல் பிடிச்சு வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கினாள். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்களும், சுண்ணாம்புத் துகள் படிந்த இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சுழல்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கப்பலில் ஓயாமல் ஆட்டம் வருவதால், மூளை அதன் தாளத்தைப் படித்து வைத்துக்கொண்டு, வரப்போகும் ஆட்டத்தை முன்கூட்டியே கழித்துவிடுகிறது. கரை ஏறிய பிறகும் அது கழிப்பதை உடனே நிறுத்துவதில்லை. இல்லாத அலையைக் கழிப்பதால் அசையாத தரை அசைகிறது. ரயிலிலும் வண்டியிலும் நிஜமான அசைவு கிடைப்பதால் அப்போது தெரிவதில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் அடங்கிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு, அதிலும் நடுவயதுப் பெண்களுக்கு, மாதக்கணக்கில் நீடிப்பதை 1987-இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் வெகு முன்னால், சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வின், 1790-களில் வெளியான தன் மருத்துவ நூலில், கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு அரைத்தூக்கத்தில் அறையும் சாமான்களும் ஆடுவதாகத் தோன்றும் என்று குறித்து வைத்தாராம். அவள் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது, மூளையில் எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதுதான். நன்றாகக் கற்றுக்கொண்டதுதான் காரணம். கற்ற அளவுக்கு அதை விடவும் நேரம் வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆட்டம் இரண்டாம் நாளே குறைந்துவிட்டது. மனசு அடங்க அதைவிட நாளானது. வீடு அப்படியேதான் இருந்தது. கேன் தண்ணீர்க்காரர் கூப்பிட்டார், கேஸ் புக் பண்ண வேண்டும், ஒன்றுவிட்ட அத்தை பேரனுக்குக் காதுகுத்து, மாடித் தொட்டியில் மிதவை வால்வு போய்விட்டது. எல்லாம் நான் முப்பத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துச் சமாளித்தவைதான். இப்போது ஒவ்வொன்றும் எரிச்சலாக இருந்தது. கப்பலில் தட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார்களே, அந்தச் சுகம்தான் கெடுத்துவிட்டது என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்தச் சாப்பாடு ஒரு வேளைகூட நினைவில் இல்லை. நினைவில் இருந்தது, கம்பி ஓரத்தில் யாரும் என்னை எதுவும் கேட்காமல் விட்ட அந்த நேரம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிலைக்கு மனசும் ஒரு கால் அகட்டி வைத்துப் பழகியிருக்கிறது. அதைத் திருப்பி எடுத்து வைக்க அதற்கு அவகாசம் வேண்டும். அதைச் சோம்பல் என்றோ, திமிர் என்றோ சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பி வருவதற்கு நம்மிடம் முறை இல்லை என்று சொன்னேன். மனிதர்களுக்கு இல்லை, எங்கள் ஊர்ச் சாமிக்கு இருக்கிறது. சித்திரையில் அழகர்கோவிலிலிருந்து கள்ளழகர் மதுரைக்கு வருவதும், தல்லாகுளத்தில் எதிர்சேவை நடப்பதும், சித்ரா பௌர்ணமியன்று அவர் வைகையில் இறங்குவதும் உலகத்துக்கே தெரியும். ஆற்றில் இறங்கிய மறுநாளே கூட்டத்தில் பெரும்பகுதி ஊர் திரும்பிவிடும், டிவிக்காரர்களும் போய்விடுவார்கள். ஆனால் அழகர் உடனே மலைக்குப் போய்விடுவதில்லை. வண்டியூர் பெருமாள் கோவிலில் தங்குகிறார். தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாபம் நீக்குகிறார். ராமராயர் மண்டபத்தில் ராத்திரி முழுக்கத் தசாவதாரம். தல்லாகுளம் வந்து பூப்பல்லக்கு. பிறகு மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று, வந்த வழியே இருபது கிலோமீட்டர் சொச்சம் போகிறார். கோவில் வாசலில் பூசணிக்காய் சுற்றித் திருஷ்டி கழித்த பிறகுதான் உள்ளே. சிறுவயதில் மூன்றுமாவடியில் அந்தத் திரும்பும் அழகரைப் பார்க்க அப்பா கூட்டிப்போவார். கூட்டம் நெருக்காது, சாமியை நின்று பார்க்கலாம். ஒரு திருவிழாவில் போவதற்குக் கொடுத்த மதிப்பைத் திரும்புவதற்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்து எனக்கு உறைக்கிறது. இதை ஏற்படுத்தியவர்களுக்கு மனிதர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. சபரிமலைக்குப் போய்வந்தவர்கள் மாலையைக் கழற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருப்பது இதனால்தான் இருக்க வேண்டும்.

நம் வீடுகளிலோ, 31-ஆம் தேதி ஓய்வு பெறுகிறவரிடம் மாலை போட்ட கையோடு "அடுத்து என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளை அன்று சாயங்காலமே அடுப்படியில் பார்க்கிறோம். புருஷனை இழந்தவளுக்குப் பதினாறாம் நாள் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டு, எல்லோரும் பழையபடி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் காலடியில் தரை இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அசையாத வாளித் தண்ணீரைக் காட்டி, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்போம்.

என் தம்பி அடுத்த மாதம் வருகிறான். தம்மாமில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, இந்தத் தடவை ஒரேயடியாக வருகிறான். அவன் வந்து இறங்கும் ஞாயிற்றுக்கிழமையே குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, நூறு பேருக்குச் சொல்லிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. சிலைமான் இடத்தில் பெட்ரோல் பங்கா, கோழிப் பண்ணையா என்று மச்சான்மார்கள் அவனுக்காக முடிவும் செய்துவிட்டார்கள். கிடா வெட்டை ஆடிக்குத் தள்ளி வையுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். தம்பி பொண்டாட்டி மட்டும் போன் பண்ணி, "அதுவரைக்கும் அவர் வீட்ல உக்காந்து என்ன மதினி பண்ணுவார்?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ண வேண்டாம், சாயங்காலம் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் நடக்கட்டும், பணத்தைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் அவனாகப் பேசுகிறவரை யாரும் வாயெடுக்க வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாடி ரூமுக்கு வெள்ளையடித்து வைக்கவா என்று கேட்டாள். அடித்து வை, மேற்குப் பக்க ஜன்னலில் அடைத்து வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகளையும் எடுத்துவிடு, அங்கிருந்து நாகமலை தெரியும் என்றேன்.