அடைக்கலம் தந்தவர் அனுப்பி வைக்கலாமா?

அடைக்கலமென்று வந்த உயிரை வளர்த்து, பின்னர் வேறொருவரிடம் ஒப்படைத்தல் அறமாகுமா? இவ்வினா ஏட்டில் எழுந்ததன்று. என் இல்லத்துத் திண்ணையில் எழுந்தது.

வந்தவாசியில் எங்கள் தெருக்கோடிக் கால்வாய் ஓரத்தில், அடைமழையில் நனைந்து கிடந்த பெண் நாய்க்குட்டி ஒன்றை என் பேரன் துணியில் சுற்றி எடுத்து வந்தான். பிறந்து ஆறு வாரம் இருக்கலாம். பெண் குட்டி என்றால் ஈனும், தொல்லை பெருகும் என்றெண்ணி எவரோ விட்டுச் சென்றனர் போலும். நிலையான இல்லம் அமையும் வரை மட்டும் வைத்திருப்போம் என்னும் உடன்பாட்டோடு இடமளித்தேன்.

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். அவற்றுள் சாத்திரம் ஒழிந்த மூன்றையும் அச்சிற்றுயிர் வேண்டி நின்றது. தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் அளித்தோம். கால்நடை மருத்துவர் குடற்புழு மருந்தும் தடுப்பூசிகளும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் கொடுத்தார். ஆறாம் மாதத்தில் கருத்தடை அறுவையும் நடந்தது. இது உறுப்பறுத்தல் ஆகாதோ என ஓர் அம்மையார் வினவினார். துன்புறுத்தும் எண்ணத்தோடு அறுப்பது வேறு. பிறந்து தெருவில் மடியும் குட்டிகளை எண்ணி, மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் செய்வது வேறு என்றே விடை கூறினேன்.

இவ்வளவும் ஆன பின்னரே உண்மையான இடர் தோன்றியது. குட்டி எங்களோடு ஒன்றிவிட்டது. "கொடுக்காதீர்கள் பாட்டி, அது நம்மை நம்பியிருக்கிறது" என்றான் பேரன். அவன் விடுமுறைக்கு மட்டும் வருபவன். எனக்கோ 74 வயது. நன்கு பேணப்படும் நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். நான் அளிக்க இயலாத காலத்தை அளிப்பதாக அதற்கு எவ்வாறு வாக்குறுதி தருவேன்?

சீவக சிந்தாமணியில் ஒரு நிகழ்ச்சி உண்டு. உணவைத் தீண்டியதற்காக அடிபட்டு உயிர் விடும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகின்றான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து பின்னர் அவனுக்கு உதவுகின்றது. சீவகன் அந்நாயைத் தனதாக்கிக் கொள்ளவில்லை. ஆயினும் அவன் செய்தது முழுமையான அருள். அருள் செய்வதற்கு உடைமை கொள்ளுதல் வேண்டுவதில்லை என்பதை இதனால் அறிகிறோம். ஆனால் இறக்கும் நாய்க்கு ஒரு நாழிகைத் துணை போதும். வாழும் நாய்க்கு ஆயுள் முழுதும் ஓர் இல்லம் வேண்டும். ஆகவே அக்கதை என் வினாவிற்குப் பாதி விடையே தந்தது.

கைவிடுதலும் ஒப்படைத்தலும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் நாய் நம் வாயிலை விட்டு நீங்குகிறது. கைவிடுபவர் தம் தொல்லை நீங்க விடுகிறார். அதன் பின் வரும் துன்பமெல்லாம் விலங்கினுடையது. ஒப்படைப்பவர் விலங்கின் நலம் கருதிக் கொடுக்கிறார். பிரிவின் வருத்தத்தில் தாமும் பங்கு கொள்கிறார். பெறுபவர் யாவர் என்று ஆராயாமல் கொடுத்தால் ஒப்படைத்தலும் கைவிடுதலே ஆகிவிடும்.

ஆராய்வதற்கு நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. முதலில் வந்தவர் செல்வர். நம் உணவு முறையினர். தோட்டக் காவலுக்கு நாய் வேண்டும், பகல் முழுதும் சங்கிலியில் இருக்கும் என்றார். நாயை எந்நேரமும் கட்டிவைத்து உலவ விடாமையை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் கொடுமை என்றே கூறுகிறது. அவரை வணங்கி அனுப்பிவிட்டேன்.

அடுத்து வந்த இளந்தம்பதியர் புலால் உண்பவர். குட்டியோடு தரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினர். வெளியூர் செல்லும் நாட்களில் எவர் பார்ப்பார் என்பதையும் முன்னரே எண்ணியிருந்தனர். மருத்துவர் கூறும் முறைப்படி சமைத்தால் நாய் புலாலின்றியும் வாழும் என்றேன். "முயல்கிறோம் அம்மா; உறுதி கூற இயலாது" என்றனர்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பதை நான் அறிவேன். இரண்டு இரவுகள் உறக்கமில்லை. இறுதியில் அவர்களிடமே கொடுத்தேன். சங்கிலி உறுதி, புலால் ஐயம். உறுதியான துன்பத்திற்கு அவ்வுயிரை அனுப்ப மனம் ஒப்பவில்லை. ஆயினும் அறிந்தே கொடுத்தேன் என்னும் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துக் கொள்ளவும் மாட்டேன். பிரதிக்கிரமணத்தின்போது இதனையும் நினைந்து வருகிறேன்.

திங்கள் ஒருமுறை அவ்வில்லம் சென்று வருகிறேன். குட்டி என்னைக் கண்டு ஓடி வருகிறது. பின் அவர்களிடமே திரும்பிச் செல்கிறது. முதன்முறை அது எனக்குச் சிறிது வலித்தது. பிறகு அதுவே நான் வேண்டியது என உணர்ந்தேன்.

ஆயுள் முழுதும் காக்க இயலாதென்று தயங்கி நிற்கும் என்போன்ற முதியோர் நம்மிடையே பலர். நான்கைந்து மாதம் காக்க நம்மால் இயலும். திண்ணையில் ஒரு மூலையும் ஒரு பிடிச் சோறும் எவ்வில்லத்தில் இல்லை? வாசக அன்பர்கள் சிந்திப்பார்களாக.