ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரே அவதானம்

ஏ9 வீதி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில் இருக்கிறது முகமாலை. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக முன்னரங்காக இருந்த மண். பனைகளுக்கிடையே, குடியிருப்புக் காணிகளுக்குள்ளே, மிதிவெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றும் வேலையில், 2002 முதல் இலங்கையில் இயங்கும் ஹலோ டிரஸ்ட் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. களத்தில் இறங்கியோரில் வடக்கின் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர்களும் அவர்களில் உண்டு.

அவர்கள் கையிலுள்ள உலோகம் காட்டும் கருவி, மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதனால் இன்னொரு காந்தப்புலம் எழும். கருவி அதைப் பிடித்து ஒலியாக மாற்றுகிறது. எண்ணாகக் காட்டாமல் ஏன் ஒலியாக? கண் மண்ணை விட்டு அகலக்கூடாது என்பதால்தான். சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இதே ஏற்பாடு உண்டு. நோயாளியின் இரத்தத்தில் ஒட்சிசன் குறையக் குறைய, கருவியின் தொனி தாழ்ந்துகொண்டே போகும். திரையைப் பாராமலே வைத்தியருக்கு விளங்கிவிடும்.

ஆனால் கருவிக்குத் தெரிவது உலோகம் மட்டுமே. வெடியை அது அறியாது. துருப்பிடித்த ஆணி, மீன் ரின் துண்டு, எறிகணைச் சிதறல் எல்லாவற்றுக்கும் ஒலிக்கும். பிளாஸ்டிக் உடல் கொண்ட மிதிவெடியில் உலோகம் மிகச் சொற்பம். ஆகவே ஆபத்தானது மெலிதாகவும், ஆபத்தில்லாதது உரத்தும் ஒலிக்கலாம். அதனால் சத்தம் வந்த ஒவ்வொரு இடத்திலும் அடையாளம் வைக்கிறார்கள். சற்றுத் தள்ளி முழந்தாளிட்டு, மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டில் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறார்கள். சத்தத்தின் காரணத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் முன்னே நகர்கிறார்கள். காலை முழுக்க ஆணியே அகப்பட்டாலும் அடுத்த சத்தத்துக்கும் அதே அவதானம். சனங்கள் திரும்பிவந்து வீடு கட்டிய காணிகள் இப்படித்தான் மீட்கப்பட்டன.

இந்த அவதானம் தவறிய கதை ஒன்றும் உண்டு. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைத் தேட, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து, காதில் வைத்துக் கேட்டார். குண்டு வலப்பக்கம்தான் என்று தலைமை வைத்தியர் முன்பே முடிவுகட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். குண்டு அகப்படவில்லை. செப்டெம்பரில் ஜனாதிபதி இறந்தார். பிரேத பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது தெரியவந்தது. எங்கே கேட்பது என்று முதலே தீர்மானித்துவிட்டால் எந்தக் கருவியாலும் உதவ முடியாது.

வீட்டிலும் இப்படிச் சத்தங்கள் வரும். அம்மா “நெஞ்சு நோகுது” என்று பத்தாவது முறையும் சொல்கிறா. பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மறுபடி அழுகிறான். “வழமையான கதைதானே” என்று கடந்துவிடுகிறோம். முந்திய ஒன்பதும் வெறும் ஆணியாக இருந்திருக்கலாம். பத்தாவது என்னவென்று அந்த ஒன்பதும் சொல்லாது.

நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த முறைப்பாடு ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருந்து, அதன் காரணம் தெரியும்வரை பொறுமையாக விசாரியுங்கள்.